கணக்கு வெயிலில், தமிழ் இருட்டில்: மலைப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தாம் வகுப்புத் தேர்வு வழிகாட்டி

முதன்முதலாகப் பொதுத்தேர்வைச் சந்திக்கப்போகும் வீட்டுக்காக இதை எழுதுகிறேன். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் பத்தாவது எழுதும் முதல் ஆள் அவர்கள்தான். அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். என்ன படிக்கிறாய், எப்படிப் படிக்கிறாய் என்று கேட்க ஆள் இருக்காது. கேட்பவர்களும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்கள்: "விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து படி, மண்டையில் ஏறும்."

கீழே சமவெளியில் அது சரியாக இருக்கலாம். இங்கே ஜனவரி மாத நாலு மணி என்றால் புல்லெல்லாம் உறைபனி. எழுந்த பிள்ளை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்கும். தூக்கமும் போச்சு, படிப்பும் போச்சு. மலையில் படிக்கிறவர்கள் மலையின் நாளைப் பார்த்துத்தான் நேரம் பிரிக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு வெளிச்சம் வேண்டும், எதற்குச் சூடான விரல் வேண்டும், எது இருட்டிலும் நடக்கும் என்று பார்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வினாத்தாள், அப்புறம் புத்தகம்

புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். போன வருஷத்து வினாத்தாள் ஐந்து பாடத்துக்கும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு, பதில் எழுதாமல் சும்மா வாசியுங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15 எடுத்தாக வேண்டும். செய்முறைத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே வந்துவிடும். ரெக்கார்டு நோட்டை டிசம்பருக்குள் முடிக்காதவர்கள் பிப்ரவரியில் படுகிற பாட்டை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

எழுதும் நேரம் மூன்று மணி. அதற்கு முன் வினாத்தாளை வாசிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் 15 நிமிடம் தருகிறார்கள். அமைப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாட ஆசிரியரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்தைக் கூறு போடுதல்

ஒவ்வொரு பாடப்புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்திலும் பென்சிலால் குறி போடுங்கள். இப்போதே கேட்டாலும் எழுதுவேன் என்றால் டிக். பார்த்தால் ஞாபகம் வரும் என்றால் ஒரு புள்ளி. ஒன்றும் தெரியாது என்றால் காலியாக விடுங்கள். வேலையைப் புள்ளியில் தொடங்குங்கள். காலி இடத்தில் தொடங்கும் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் சோர்ந்துபோய்விடுகிறார்கள். டிக் போட்டதையே திரும்பத் திரும்பப் படிப்பதும் ஒரு நோய்தான். தெரிந்ததைப் படிக்கும்போது சுகமாக இருக்கும், மதிப்பெண் ஏறாது.

நாளை எப்படிப் பிரிப்பது

பள்ளி விட்டு பஸ் பிடித்து வீடு வந்து சேர ஐந்து, ஐந்தேகால் ஆகிவிடும். டீ குடித்த சூட்டோடு ஐந்தரையிலிருந்து ஆறரை வரை கணக்கு. அதற்குமேல் குளிர் இறங்கிவிடும், ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கும் விரல் மரத்துப்போகும். சனி, ஞாயிறு பதினோரு மணி வெயிலில் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தால் அது முழுக்கக் கணக்குக்கும் படம் வரைவதற்கும்.

ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை அறிவியலோ சமூக அறிவியலோ ஒன்று. கரண்டு போனால் தமிழ். மெழுகுவர்த்தி தேட வேண்டாம். மனப்பாடப் பாடலும் குறளும் இலக்கண விதியும் இருட்டில் வாய்விட்டுச் சொல்லத் தோதானவை. பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தால் போதும். அந்த ஒரு மணி நேரம் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு.

பஸ்ஸில் புத்தகத்தை விரிக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் குனிந்து வாசித்தால் குமட்டல் வரும், பள்ளிக்குள் போய் முதல் வகுப்பு வீணாகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதியிடம் கேள்வி கேளுங்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுங்கள். சமூக அறிவியலின் இரண்டு மதிப்பெண் கேள்விகள் முழுவதையும் பஸ்ஸிலேயே முடித்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை, பெற்றோருக்கு. பிள்ளை குளிரில் படிக்கிறதே என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்கினவர்கள் எழுந்திருக்காமல் போன வீடுகள் இந்த மலைகளில் உண்டு. ஸ்வெட்டர், குல்லா, காலுக்கு சாக்ஸ், மடியில் வெந்நீர்ப் பாட்டில் போதும். அடுத்தது, டியூஷன் என்று அடுத்த ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) இருட்டில் நடக்க விடாதீர்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. அதே லைனில் உள்ள நாலு பிள்ளைகளை ஒரு வீட்டில் உட்கார வைத்தால் போதும்.

கணக்கு

இதில்தான் அதிகம் பயம், அதிகம் லாபமும் இதில்தான். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம் என்கிற கிராப். அந்த இரண்டும் சேர்ந்து 16.

தேறுவதே சந்தேகம் என்று நினைக்கும் பிள்ளைக்கு நான் போடும் கூட்டல் இது. வரைதலும் கிராப்பும் 16. ஒரு மதிப்பெண்ணில் எட்டு சரி என்றால் 24. இரண்டு மதிப்பெண்ணில் ஆறு சரி என்றால் 36. ஐந்து மதிப்பெண் பக்கமே போகாமல் கரை ஏறிவிட்டது. இந்தக் கூட்டலைத் தாளில் எழுதிக் காட்டியதும் பிள்ளைகளின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். பயம் போனபின் ஐந்து மதிப்பெண்ணையும் அவர்களே தொட்டுப் பார்ப்பார்கள். தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம் போன்ற நிரூபணங்களை அதற்கு முதலில் எடுக்கலாம். எழுதி எழுதிக் கை பழகினால் வந்துவிடும்.

வரைதலில் வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து வரையச் சொல்லும் முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என்று வகைகள் குறைவு. ஒவ்வொரு வகையிலும் ஐந்து தடவை வரைந்தால் பத்து நிமிடத்தில் ஒரு படம் வரும். உதவிப் படம் போடுவதை விடாதீர்கள். என் கதை ஒன்று. நான் எழுதிய வருஷம் தொடுகோட்டை அழகு பார்த்துப் பார்த்து அழித்து வரைந்து, முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்த ஒரு கேள்விக்கு எட்டும் கிடைத்திருக்கும், ஆனால் ஐந்து மதிப்பெண் கேள்வி மூன்றைத் தொடவே இல்லை. அதனால் வீட்டில் வரையும்போதே பக்கத்தில் கடிகாரம் இருக்கட்டும்.

சாய்வு, முக்கோணவியல் இரண்டும் நமக்குக் காலடியில் கிடக்கின்றன. கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் பாதையில் மிகச் செங்குத்தான இடம் சுமாராக 12 அடிக்கு 1 அடி ஏற்றம். tan θ மதிப்பு 1/12 என்றால் கோணம் 5 டிகிரிகூட வராது. அந்தச் சின்னக் கோணத்துக்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் போட்டு, பல்சக்கரத்தால் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது. இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைக்குச் சாய்வு என்றால் என்ன என்று மறக்காது. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் குழம்பினால் வாசலில் நின்று மேலே கோயிலைப் பாருங்கள், பிறகு கீழே ஃபேக்டரியைப் பாருங்கள். இரண்டுக்கும் கண் மட்டத்திலிருந்துதான் அளவு.

தமிழ்

"தமிழ்தானே" என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள். வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் பிள்ளை, கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் பிள்ளை, இவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சரளமாக வரும். எழுத்தில் ல, ள, ழ மூன்றும் இடம் மாறும். தமிழே வீட்டு மொழியான பிள்ளைகளும் இதில் பெரிதாக மேல் இல்லை. மருந்து ஒன்றுதான்: தினமும் பத்து வரி சொல்வதெழுதல். வாசிக்கத் தெரிந்த அண்ணனோ அக்காவோ வாசிக்க, பிள்ளை எழுத, புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தவறான சொல்லை மட்டும் மூன்று தடவை எழுத வேண்டும்.

மனப்பாடப் பகுதி கட்டாயக் கேள்வி. அடி மாறாமல், சீர் பிரித்து, ஆசிரியர் பெயர், நூல் பெயரோடு எழுதிப் பழகுங்கள். வாயில் சரியாக வருவது கையில் தப்பாக வரும், அதனால் இருட்டில் சொன்னதை மறுநாள் வெளிச்சத்தில் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுங்கள். கடிதம், படிவம் நிரப்புதல், காட்சியைக் கண்டு எழுதுதல் எல்லாம் மதிப்பெண் தருவதற்காகவே வைத்த கேள்விகள். விடாதீர்கள்.

அகப்பொருள் இலக்கணம் வந்தால் நமக்குக் கொண்டாட்டம். நாம் குடியிருப்பதே குறிஞ்சித் திணையில். கோடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலே இருக்கிறது. 2018இல் குறிஞ்சி பூத்ததைச் சின்ன வயதில் பார்த்த பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்வார்கள். 12 வருஷத்துக்கு ஒரு தடவை, அடுத்தது 2030. நிலம் மலையும் மலை சார்ந்த இடமும், தெய்வம் முருகன், பெரும்பொழுது குளிர்காலமும் முன்பனிக்காலமும், சிறுபொழுது யாமம், உணவு மலைநெல்லும் தினையும், தொழில் தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும். இதை ஜன்னல் வழியாகப் பார்த்தே படியுங்கள். பிறகு மலையை விட்டு இறங்குங்கள். பவானிக் கரையில் வயலும் வாழையும் கண்ணில் பட்டால் மருதம். ஐந்து திணையையும் ஒரே அட்டவணையாக மனப்பாடம் செய்வதைவிட, சொந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து வேறுபடுத்துவது எளிது. ஆனால் புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். குறிஞ்சிக்கு உணவு கேரட், பீட்ரூட் என்று எழுதிவைத்தான் என் வகுப்புப் பையன் ஒருவன். அவன் பார்த்த குறிஞ்சி அது! மதிப்பெண் கொடுக்க எனக்கே ஆசைதான்.

அறிவியல்

ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண்ணில் 7, நான்கில் 7, ஏழு மதிப்பெண்ணில் 3. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் மூன்று விதமான படிப்பு. இயற்பியல் சூத்திரங்களை ஒரே தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். வேதிச் சமன்பாடுகளை வாயால் படிப்பதில் பிரயோசனம் இல்லை, எழுதிச் சமன் செய்யுங்கள். உயிரியலில் படம், பாகம் குறித்தல்.

பாடத்தில் உள்ள பலதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள், அதற்குப் பெயர்தான் தெரியாது. காலையில் பைன் மரங்களுக்கு நடுவே பனிமூட்டத்தில் வெயில் கோடு கோடாக விழுகிறதே, அதை டிண்டால் ஒளிச்சிதறலோடு சேர்த்து வையுங்கள். மேகம் வெள்ளையாகத் தெரிவது மீ சிதறல். வானம் நீலமாக இருப்பது ராலே சிதறல். பள்ளத்தாக்கில் கூவினால் திரும்பி வருவது எதிரொலி. எதிரொலி கேட்க எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கணக்கு ஒலியியலில் இருக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் அம்மா திட்டுகிறார். உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது என்ற விதி அதற்குள் இருக்கிறது. ஆனால் கேள்வியில் நீரின் கொதிநிலை என்று வந்தால் 100 என்றே எழுதுங்கள்!

அட்டைப் பாடத்தை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கினால் காலில் ஏறுவது நிலத்து அட்டை. பாடத்தில் இருப்பது நீரில் வாழும் கால்நடை அட்டை. இரண்டும் ரத்தம் குடிக்கும் விதம் ஒன்றுதான். கடிக்கும்போது வலி தெரியாது, அட்டையைப் பிடுங்கிய பிறகும் ரத்தம் நிற்காமல் ஒழுகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்தப் பொருளின் பெயர் ஹிருடின். உடலில் 33 கண்டங்கள், முன்னும் பின்னும் இரண்டு ஒட்டுறிஞ்சிகள். கடிபட்ட பிள்ளைக்கு இது ஒரு தடவை சொன்னால் போதும்.

சமூக அறிவியல்

வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நாலு புத்தகத்தை ஒன்றாகத் தைத்த மாதிரி இருக்கும், அளவைப் பார்த்தே பிள்ளைகள் மிரளும். மதிப்பெண் பிரிவு கணக்கு மாதிரியேதான். முதலில் வரைபடத்தையும் காலக்கோட்டையும் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்திய வரைபடம் ஒன்று, தமிழ்நாடு வரைபடம் ஒன்று; மலை, ஆறு, துறைமுகம், மண் வகை என்று ஒவ்வொரு வாரம் ஒன்றைக் குறியுங்கள். பென்சிலை மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள். இடம் அரை அங்குலம் தள்ளிப்போனால் மதிப்பெண் போய்விடும்.

காலநிலைப் பாடத்தை நடத்தும்போது ஒருமுறை வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த தேவாலாப் பையன் மழைக்காலம் என்றால் ஜூன், ஜூலை என்கிறான். கோத்தகிரிப் பிள்ளைகள் அக்டோபர், நவம்பர் என்கிறார்கள். இரண்டு பேரும் சரி. மேற்குச் சரிவில் இருக்கும் தேவாலா, கூடலூருக்குத் தென்மேற்குப் பருவக்காற்று முட்டிக்கொண்டு கொட்டும். கிழக்குப் பக்கம் இருக்கும் கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. மலையைத் தாண்டிய காற்றில் ஈரம் இருக்காது, மசினகுடி காய்ந்து கிடப்பதைப் பாருங்கள். மழை மறைவுப் பகுதி என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடும் இடம் நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986. நம்ம ஊர் எண்களையாவது நாம் தவறவிடக் கூடாது.

வரலாற்றுக்கு ஒரு யோசனை மட்டும். வருஷங்களைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, உலக நிகழ்ச்சிகளை மேலேயும் இந்திய நிகழ்ச்சிகளை கீழேயும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆங்கிலம்

ஆங்கிலப் பாடலைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் வழக்கத்தை விடுங்கள், தேர்வில் எழுத்துக்கூட்டல் வராது. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, பாதை காட்டி வழி சொல்லும் கேள்வி, இவற்றின் வடிவத்தைக் கையில் ஏற்றுங்கள். வழி சொல்லும் கேள்விக்கு நமக்குப் பயிற்சி தினமும் கிடைக்கிறது. சீசனில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் நின்றால் பத்து நிமிடத்தில் நாலு பேர் தாவரவியல் பூங்காவுக்கு வழி கேட்பார்கள். நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கத்தில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி முடிந்தது.

திருப்புதல் தேர்வுகள்

பொங்கலுக்குப் பிறகு வரும் திருப்புதல் தேர்வுகளை மதிப்பெண்ணுக்காக எழுதாதீர்கள், கைக்காக எழுதுங்கள். மூன்று மணி நேரம் நிற்காமல் எழுதுவது உடம்பு வேலை. குளிரில் எழுத்து மெதுவாகும், பால்பாயின்ட் பேனாவின் மையும் இறுகும். பேனாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். திருத்திய தாள் வந்ததும் மதிப்பெண் எங்கே போனது என்று பாருங்கள்: தெரியாமல் போனதா, தெரிந்தும் நேரம் இல்லாமல் போனதா, கேள்வி எண்ணை மாற்றிப் போட்டதால் போனதா. ஓரத்தில் அந்தக் காரணத்தை எழுதுங்கள். என் அனுபவத்தில் மூன்றாவது வகை நினைப்பதைவிட அதிகம்.

தேர்வு வாரம்

தேர்வு மையம் சொந்தப் பள்ளியாக இல்லாவிட்டால், முந்தின வாரமே ஒரு நாள் அதே பஸ்ஸில் போய்ப் பார்த்து வாருங்கள். பத்து மணித் தேர்வுக்கு ஒன்பதே கால் மணிக்கு வாசலில் நிற்கும்படி கணக்குப் போட்டு, அதற்கும் முந்தின பஸ்ஸில் ஏறுங்கள். மார்ச் கடைசியிலிருந்தே சுற்றுலா வண்டிகள் ஏறத் தொடங்கிவிடும். கூடலூர்ப் பக்கம் யானை ரோட்டில் நின்றால் அது போகிறவரை பஸ் நிற்கும், அதனிடம் நுழைவுச்சீட்டைக் காட்ட முடியாது.

நுழைவுச்சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், மூடுபனியில் தாள் நமத்துப்போகும். நீலம் அல்லது கறுப்பு மை பேனா இரண்டு, பென்சில், ரப்பர், ஸ்கேல், ஜியோமெட்ரி பாக்ஸ். கால்குலேட்டர் கூடாது. வளைவில் வாந்தி வரும் பிள்ளைக்குக் காலையில் இட்லி இரண்டு போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஸ்வெட்டரைக் கழற்றாமல் உள்ளே போங்கள். கடைசி ஐந்து நிமிடம் புதிதாக எதையும் எழுதாமல் கேள்வி எண்களைச் சரிபாருங்கள். கணக்கன்று கிராப் தாள், சமூக அறிவியலன்று வரைபடம், விடைத்தாளோடு சேர்த்துக் கட்டினோமா என்றும் பாருங்கள்.

வெளியே வந்ததும் விடையை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்காமல் பஸ் ஏறிவிடுங்கள். அடுத்த பாடத்துக்கு நடுவில் இருக்கும் நாட்களில் அந்தப் பாடம் மட்டும்.

ஏதாவது ஒரு பாடத்தில் தவறிவிட்டால், முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, தேறினால் அதே வருஷம் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியைப் பள்ளியில் கேட்டு வையுங்கள். அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் வரும். தேவாலா, பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அப்போது இன்னும் ஒரு பஸ் முன்னால் கிளம்ப வேண்டும்.